ஹவல்சன் மலையில் நான்கு நாளும் ஒரு ஜூலையும்

வியாழன் இரவு

ஆறு வருடமாகக் கொலராடோவில் இருக்கிறோம். இதுவரை ஒருமுறைகூட, பனியில் சறுக்கும் ஸ்கீ பலகையில் கால் வைத்ததில்லை. ஆசை இல்லாமல் இல்லை. பெரிய ரிசார்ட்டுகளில் சீசன் உச்சத்தில் போய் நின்று டிக்கெட் வாங்கினால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கே 200 டாலரைத் தாண்டிவிடும். அதற்கு மேல் பூட்ஸ், பலகை வாடகை, பாப்பாவுக்குப் பயிற்சி. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒவ்வொரு குளிர்காலமும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம்.

இந்த வருடம் கிளம்பியதற்கு இரண்டு காரணங்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா ஆறு மாதம் தங்க வந்திருக்கிறாள். ஜனவரி கடைசியில் வந்து இறங்கியவளுக்குப் பனியைச் சரியாகக் காட்ட வேண்டும் என்று ஆசை. இன்னொன்று, என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் சொன்ன விஷயம். ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் ஊரில் பெரிய ரிசார்ட் போக, நகராட்சிக்கே சொந்தமான சின்ன மலை ஒன்று இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்குக் காசே வாங்குவதில்லையாம். பெயர் ஹவல்சன் ஹில்.

நாங்கள் இருக்கும் அரோராவிலிருந்து வெயில் காலத்தில் மூன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். இன்று ஐந்து மணி நேரம் ஆனது. ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கம் இருப்பது 11,158 அடி உயரத்தில். அங்கே அம்மாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. சில்வர்தார்னில் திரும்பி, கிரெம்ளிங் தாண்டி, ராபிட் இயர்ஸ் கணவாயில் ஏறும்போது பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர எதுவும் தெரியவில்லை. நான் ஸ்டியரிங்கை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அம்மா பின்சீட்டில் கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கணவாய் இறங்கியதும் யாம்பா நதிப் பள்ளத்தாக்கு விரிந்தது. வழி நெடுக மஞ்சள் பலகைகள். 1905இலிருந்து ஊருக்குள் இருக்கும் எஃப்.எம். லைட் துணிக்கடையின் விளம்பரங்கள் அவை. பூட்ஸ், தொப்பி என்று ஒவ்வொரு பலகையாகப் பாப்பா எழுத்துக்கூட்டிப் படித்து ஆச்சிக்கு மொழிபெயர்த்தாள்.

விடுதி வாசலில் காரை விட்டு இறங்கிய அம்மா நாலடி நடந்து பார்த்தாள். "ஏல, உப்பளத்துல குவிச்சுவச்ச கல்லுப்ப மிதிச்ச மாதிரி நறுக்கு நறுக்குங்கு" என்றாள். உண்மைதான். குளிர் நன்றாக இறங்கிவிட்டால் பனி காலுக்கடியில் இப்படித்தான் நறநறக்கும். ஆறு வருடத்தில் எனக்கு அந்தச் சத்தத்துக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.

வெள்ளி

ஸ்டீம்போட்டின் கடைத்தெரு லிங்கன் அவென்யூ. அதிலிருந்து இரண்டு நிமிடம் நடந்து, ஐந்தாம் தெருப் பாலத்தில் யாம்பாவைத் தாண்டினால் மலையடிவாரம். நான் எதிர்பார்த்தது வேறு. காரை எங்கோ விட்டுவிட்டு, பஸ் ஏறி, கம்பிவடக் கூண்டு ஏறிப் போகிற இடமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, நம் ஊரில் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகிற மாதிரி, பேசிக்கொண்டே நடந்து வருகிறார்கள்.

மலை சின்னதுதான். அடியிலிருந்து உச்சி வரை 440 அடி. ஊரின் மறுபுறம் இருக்கும் பெரிய ரிசார்ட்டில் இந்த உயரம் 3,668 அடி. ஆனால் வட அமெரிக்காவில் இடைவிடாமல் நடந்துவரும் ஸ்கீ தளங்களில் மிகப் பழையது இந்தச் சின்ன மலைதான். 1915இலிருந்து.

காலையில் அருங்காட்சியகத்துக்குப் போனோம். ட்ரெட் ஆஃப் பயனியர்ஸ் என்று பெயர். மலைக்குப் பெயர் தந்த கார்ல் ஹவல்சனின் கதையை அங்கே நின்று நிதானமாகப் படித்தேன். நார்வேக்காரர். ஆஸ்லோவில் 1877இல் பிறந்தவர். கல்தச்சர். சொந்த நாட்டில் பெரிய பனிச்சறுக்கு வீரராகப் பெயர் எடுத்துவிட்டு 1905இல் பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்தார். 1907இல் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸில் சேர்ந்தார். அங்கே பனி ஏது? கூடாரத்துக்குள் சாய்தளம் கட்டி, அதில் வழுக்கிக்கொண்டு வந்து அந்தரத்தில் பாய்வார். 'பறக்கும் நார்வேக்காரர்' என்று போஸ்டர் அடித்தார்கள். பிறகு டென்வரில் கல்வேலை. 1913இல் ஸ்டீம்போட் வந்து சேர்ந்தார்.

அப்போது இந்த ஊரில் குளிர்காலம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதுதான். ஹவல்சன் 1914இல் முதல் குளிர்காலத் திருவிழாவை நடத்திக் காட்டினார். அடுத்த வருடமே இந்த மலையில் பாய்ச்சல் தளம் வந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1917இல் மலைக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 1920களின் தொடக்கத்தில் பெற்றோரைப் பார்க்க நார்வே போனவர் அங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டார். திரும்பவே இல்லை. மொத்தம் இந்த ஊரில் அவர் இருந்தது பத்து வருடத்துக்கும் குறைவு. அதற்குள் எவ்வளவு விதைத்துவிட்டுப் போயிருக்கிறார்! எனக்கு மனசுக்குள் என்னமோ செய்தது. பிழைக்க வந்த ஊரில் இப்படி ஒரு காரியம் செய்ய வேண்டும்.

சாயங்காலம் விளக்கு போட்டுவிட்டார்கள். மேலிருந்து கீழ் வரை மலை பளிச்சென்று ஒளிர, எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கினார்கள். அந்தப் பக்கம் பாய்ச்சல் தளங்கள். சின்னதிலிருந்து பெரிது வரை வரிசையாக நிற்கின்றன. பெரியதை எச்எஸ்-100 என்கிறார்கள். பத்திரமாகப் போய் இறங்கக்கூடிய தூரம் ஏறக்குறைய 100 மீட்டர் என்று அர்த்தம். பாய்பவர் உச்சியில் ஒரு கட்டையில் உட்கார்ந்திருப்பார். கீழே பயிற்சியாளர் கையைத் தாழ்த்தியதும் கட்டையை விட்டு நழுவுவார். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, விளிம்பில் ஒரு உந்து. அப்புறம் பலகைகள் இரண்டும் முன்பக்கம் விரிந்துகொள்ள, உடம்பு அதன்மேல் கவிழ்ந்து, காற்றில் படுத்த மாதிரி மிதந்து வருவார். இறங்கும்போது ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்க வேண்டும். அதற்குத் தனி மதிப்பெண் உண்டாம்.

ஒரு பெண் பாய்ந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினாள். தரை தொட்டதும் பிடியை விட்டாள். அடுத்தவர் பாய்ந்தபோதும் எண்ணினாள்.

"என்ன ஆச்சி எண்ணுறீங்க?" என்று பாப்பா கேட்டாள்.

"படித்துறைல புள்ளைய முங்குனா எண்ணுவோம்லா, எப்ப தலை வெளிய வரும்னு. உங்க அப்பனுக்கும் எண்ணியிருக்கேன்."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. தாமிரபரணியில் நான் முங்கு போடும்போது கரையில் துணி துவைத்துக்கொண்டே எண்ணுவாள். யாரும் காசு கொடுத்து நீச்சல் கற்றுக்கொண்டதில்லை. ஆறு இருந்தது, படித்துறை இருந்தது, மூத்த பிள்ளைகள் இருந்தார்கள். இங்கே மலை இருக்கிறது.

சனி

இரவோடு இரவாக லாரியில் பனியைக் கொண்டுவந்து லிங்கன் அவென்யூவில் கொட்டி நிரவியிருந்தார்கள். மற்ற ஊர்களில் தெருவிலிருந்து பனியை அள்ளுவார்கள். ஹவல்சன் தொடங்கிவைத்த அந்தக் குளிர்காலத் திருவிழாவுக்காக இவர்கள் தெருவில் கொட்டுகிறார்கள்.

குதிரைமேல் ஒருவர் நாலுகால் பாய்ச்சலில் வர, பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் ஒரு சிறுவன். வழியில் ஒரு மேடு. அதில் ஏறிப் பறந்து, கயிற்றை விடாமல் தரையில் இறங்க வேண்டும். விழுந்தவர்களுக்கும் அதே கைதட்டல். இன்னொரு போட்டியில் பெரியவர்கள் பனி அள்ளும் மண்வெட்டியில் உட்கார்ந்துகொள்ள, குதிரை இழுத்துக்கொண்டு ஓடியது. பள்ளிக்கூட பேண்ட் வாத்தியக் குழு ஸ்கீ பலகையில் நின்றபடி வாசித்துக்கொண்டே வந்தது. டிராம்போனை வைத்துக்கொண்டு அந்தப் பெண் எப்படி விழாமல் வந்தாளோ! 1930களிலிருந்து இந்தப் பழக்கம் இருக்கிறது. கன்றுகாலிப் பண்ணைகளோடு வளர்ந்த ஊர் என்பதால் குதிரையும் பனியும் இங்கே ஒன்றாகவே வருகின்றன.

மத்தியானம் புளியோதரையைக் காரிலேயே சாப்பிட்டோம். அம்மாவுக்கு லேசான தலைவலி. ஊர் இருப்பது 6,700 அடி உயரத்தில். தண்ணீர் நிறையக் குடிக்க வைத்துப் படுக்கச் சொன்னேன். முதல் முறை வருபவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். வயதானவர்களை வந்த அன்றே அலைய விடாதீர்கள்.

இரவு மறுபடியும் மலையடிவாரம். மலை முழுக்க இருட்டு. உச்சியிலிருந்து தீப்பந்தம் போன்ற விளக்குகளை ஏந்தியபடி ஸ்கீ வீரர்கள் வளைந்து வளைந்து இறங்கினார்கள். தீ வளையத்துக்குள் புகுந்து பாய்ந்தார்கள். கடைசியில் 'ஒளி மனிதர்'. உடம்பு முழுக்க விளக்குகள் கட்டி, முதுகில் பேட்டரி சுமந்து, தோளிலிருந்து வாணம் சீறிக்கொண்டு போக, ஒற்றை ஆளாக மலையில் சறுக்கி வருகிறார். 1936இல் கிளாடியஸ் பேங்க்ஸ் என்பவர் தொடங்கியது. அவருக்குப் பின் அவர் மகன் அதே வேலையைத் தொடர்ந்தார். கூட்டம் மொத்தமும் சத்தம் போட்டது. பக்கத்தில் ஒரு தாத்தா மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

அப்புறம் வாணவேடிக்கை. அதை எழுதிக் காட்ட முடியாது. மலை ஒவ்வொரு வெடிக்கும் ஒருமுறை வெளுத்துக் கறுத்தது.

ஞாயிறு

இன்றுதான் நாங்கள் மலையில் கால் வைத்த நாள்.

வாடகைக் கடையில் கொடுத்த பூட்ஸ் எனக்கு ஒரு அளவு பெரிதாக இருந்தது. அவசரத்தில் நானும் பார்க்கவில்லை. ஸ்கீ பூட்ஸ் என்பது கால்விரல் முன்னால் லேசாகத் தொட, குதிகால் அசையவே கூடாத மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். உள்ளே கால் ஆடினால் பலகை நம் சொல் கேட்காது. திரும்பப் போய் மாற்றியதில் முக்கால் மணி நேரம் போனது. போட்டுக்கொண்டு பத்தடி நடந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதலில் 'மேஜிக் கார்பெட்'. தரையோடு ஓடும் பட்டை. அதில் ஏறி நின்றால் போதும், மேலே கொண்டு விட்டுவிடும். பாப்பா அரை மணி நேரத்தில் பலகை நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, பிரேக் போடக் கற்றுக்கொண்டாள். இங்கே பிள்ளைகளுக்கு அதை 'பீட்சா' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பலகைகள் பீட்சாத் துண்டு மாதிரி முக்கோணமாகின்றன அல்லவா!

அடுத்து போமா லிஃப்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே ஓடும் கம்பிவடத்திலிருந்து ஒரு நீளத் தண்டு தொங்கும். தண்டின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டு. அதைக் கால்களுக்கு நடுவில் விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நாற்காலி என்று நினைத்து உட்கார்ந்தால் தண்டு நீண்டுகொண்டே போய் நம்மைத் தரையில் இறக்கிவிடும். வட்டு இழுக்கும், நாம் நிற்போம், பலகை பனியில் வழுக்கும். இவ்வளவுதான். பாப்பா உட்கார்ந்துவிட்டாள். விழுந்தாள். எழுந்து மறுபடி வரிசையில் நின்று மறுபடி விழுந்தாள். அழுகை வந்துவிட்டது.

பின்னால் நின்ற பத்து வயதுப் பெண் ஒருத்தி, யாரும் சொல்லாமலே, பாப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "உட்காராதே. முழங்காலை இளக்கி நில்லு. தண்டை ஒரு கையால் பிடி. அது இழுக்கும்வரை பொறு" என்றாள். வட்டைத் தானே பிடித்து மாட்டிவிட்டாள். தண்டு விறைத்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. பாப்பாவின் தோள் முன்னால் போய்ப் பின்னால் வந்து நிலைத்தது. அப்படியே மேலே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் விழுந்துவிடுவோம் என்று பயம். அவள் சிவப்பு ஹெல்மெட் வளைவில் மறையும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். அவள் அடுத்த வட்டைப் பிடித்துப் போய்விட்டிருந்தாள்.

அம்மா கீழே மலையடிவாரக் கட்டிடத்தின் ஜன்னலோரம் குரங்குக் குல்லாயும் சால்வையுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரியவர். நாங்கள் வந்ததும் பாப்பா இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் ஆனாள். அவர் இந்த மலையில்தான் கற்றாராம். பிள்ளைகளும் இங்கே, பேரப்பிள்ளைகளும் இங்கே. "உங்கள் ஊரில் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்?" என்று கேட்டார். அம்மா ஆற்றைச் சொன்னாள். படித்துறையைச் சொன்னாள். படித்துறைக்கு ஆங்கிலம் தெரியாமல் பாப்பா என்னைப் பார்த்தாள். "ஆற்றுக்குள் இறங்கும் படிகள், ஊருக்குப் பொது" என்றேன். அவர் தலையை ஆட்டி, ஜன்னலுக்கு வெளியே மலையைக் காட்டி, "இதுவும் பொது" என்றார்.

அவர் சொல்லித்தான் இன்னொன்று தெரிந்தது. இந்த மலைக்கு வருமானம் செலவுக்குக் காணாது. நகராட்சி வருடா வருடம் தன் பணத்தைப் போட்டுத்தான் நடத்துகிறது. மண் சரிகிற மலை, பழைய லிஃப்ட், செலவு அதிகம். 2021இல் நாற்காலி லிஃப்டைப் புதிதாக மாற்றினார்கள். இவ்வளவு செலவு தேவையா என்ற பேச்சும் ஊரில் உண்டு. நான் வெளியூர்க்காரன், ஆனாலும் சொல்கிறேன், தேவை. சுமார் 13,000 பேர் இருக்கும் ஊர் இது. இந்த மலையில் பழகியவர்கள் 100 பேருக்குப் பக்கம் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போயிருக்கிறார்கள். 1959இல் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூலில் நடக்கும் டவுன்ஹில் என்ற சரிவிறக்க வேகப் பந்தயத்தை வென்ற முதல் அமெரிக்கரான பட்டி வெர்னர் இந்த ஊர்ப் பையன். 1964இல் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் சிக்கி 28 வயதில் இறந்துபோனார். ஊர் நூலகத்துக்கும் பெரிய மலைக்கும் அவர் பெயர்தான். 2010 வான்கூவரில் மூன்று வெள்ளி வாங்கிய ஜானி ஸ்பிலேனும் இங்கே பாய்ந்து பழகியவர். பதக்கத்தைக்கூட விடுங்கள். முன்பின் தெரியாத குழந்தைக்கு வட்டை மாட்டிவிட்ட அந்தப் பெண்ணைத் தந்ததும் இந்த மலைதானே.

பாப்பா மொத்தம் பதினோரு முறை ஏறி இறங்கினாள். லிஃப்டுக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. நாளை அதிகாலை கிளம்புகிறோம்.

ஜூலை 4

திரும்ப வந்துவிட்டோம். அம்மாவுக்கு இந்த மாதக் கடைசியில் விமானம். எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு "அந்தப் பனி மலை வெயில்ல எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்றாள்.

பச்சை. ஒரே பச்சை. லிஃப்ட் ஓடிய பாதை புல்வெளியாகிவிட்டது. பிப்ரவரியில் பலகையோடு இறங்கிய இடத்தில் சைக்கிளோடு இறங்குகிறார்கள். பின்னால் எமரால்டு மலைவரை பாதைகள் போகின்றன. அடிவாரத்தில் ஸ்கேட்போர்டு களம், பந்து மைதானம், கோடையிலும் ஐஸ் உறைந்திருக்கும் உள்ளரங்கம், ரோடியோ மைதானம் என்று எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. மலையில் கந்தகக் குகை ஒன்றும் இருக்கிறது. உள்ளே நச்சு வாயு என்பதால் யாரும் நுழையக் கூடாது. அந்த வாயுவிலேயே வாழும் சின்னச் சிவப்புப் புழுக்களைக் கண்டு, புதிய இனம் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்று சுதந்திர தினம் என்பதால் பாய்ச்சல் போட்டி. ஜூலையில் எப்படி? சரிவில் துடைப்பக் குச்சி மாதிரி பிளாஸ்டிக் இழைகளை அடுக்கி, ஓலைக் கூரை வேய்ந்ததுபோல் பரப்பியிருக்கிறார்கள். தண்ணீர் தெளித்தால் பனி மாதிரியே வழுக்குகிறது. 1907இல் சர்க்கஸ் கூடாரத்துக்குள் பனி இல்லாமல் பாய்ந்த அந்தக் கல்தச்சர் இதைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஈர இழையில் பலகை படும்போது 'சர்ர்' என்று ஒரு சத்தம். ஒரு சின்னப் பெண் கட்டையில் உட்கார்ந்து, கையிறக்கத்துக்காகக் காத்திருந்து, நழுவினாள். அம்மா "ஒண்ணு, ரெண்டு" என்றாள். அதற்குள் தரை தொட்டுவிட்டது. சின்னத் தளம்.

மத்தியானம் யாம்பாவில் டியூப். பனி உருகி வந்த தண்ணீர், விறைக்கிறது. பாப்பாவும் அவள் அம்மாவும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு ரப்பர் டியூபில் உட்கார்ந்து மிதந்து வந்தார்கள். நானும் அம்மாவும் ஐந்தாம் தெருப் பாலத்துக்குக் கீழே கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். அம்மா சேலையை முழங்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு காலைத் தண்ணீருக்குள் விட்டிருந்தாள்.

பாப்பாவின் டியூப் சுழன்றுகொண்டே வந்து பாலத்து நிழலுக்குள் நுழைந்தது. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் ஆள் தெரியவில்லை.

"ஒண்ணு" என்றாள் அம்மா.

நானும் சேர்ந்துகொண்டேன். ஏழு சொல்லும்போது "ஆச்சீ" என்ற கூச்சல் முதலில் வந்தது, பின்னாலேயே டியூப்.